பாஸ்கராசாரியர்

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சலாபம் நடந்த நாள்களில், பார்களிலிருந்து குளித்தெடுத்த சிப்பிகள் கரையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். அவற்றை வாங்கிய வணிகர், சிப்பியை அழுகவிட்டுக் கழுவி, உள்ளிருந்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பர். சல்லடைகள் பத்து. முதற்சல்லடையில் 20 துளைகள். கடைச்சல்லடையில் 1000 துளைகள். எச்சல்லடையில் எம்முத்துத் தங்கிற்றோ அம்முத்து அச்சல்லடை முத்தோடு மட்டுமே சேர்த்து எண்ணப்படும். அதன்பின் உருண்மையும் ஒளியும் நோக்கி ஆணி என்றும், குறுவல் என்றும், தூள் என்றும் வகுப்பர். ஆணிமுத்து ஐந்தும் குறுவல் நாற்பதும் உடைய வணிகன் ஒருவன், தன்னிடம் முத்து நாற்பத்தைந்து உண்டென்று மட்டும் ஏட்டில் எழுதிவைப்பானாயின், அவன் எண்ணியது பிழையன்று. ஆயினும் அவ்வேடு வாணிகத்திற்கு உதவாது. 1961ஆம் ஆண்டோடு இக்கடலிற் சலாபம் நின்றுவிட்டது. பிரிக்கும் அவ்வழக்கம் மட்டும் முதியோர் பேச்சில் நெடுங்காலம் தங்கியிருந்தது.

யாம் சிறுவராய் அல்ஜீப்ரா பயிலத் தொடங்கிய காலத்து, மூன்று அ-வும் இரண்டு ஆ-வும் கூட்டுக என்றதற்கு ஐந்து அஆ என்று விடை எழுதினோம். சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. அவ்வாறு எழுதலாகாது என்ற தடையும் கிடைத்தது. ஏன் எழுதலாகாது என்பது கிடைக்கவில்லை. இன்றும் புதுமுக மாணவர் பலர் அதே விடையை எழுதி அதே கோட்டைப் பெறுகின்றனர் என அறிகின்றோம். தடையின் காரணத்தை யாம் அறிந்தது பல ஆண்டு கழித்து, ஏறக்குறைய 875 ஆண்டுகட்கு முன் நம் நாட்டிலேயே இயற்றப்பட்ட நூலொன்றை மொழிபெயர்ப்பின் வாயிலாகக் கற்றபோதுதான். அந்நூலாசிரியர் பாஸ்கராசாரியர். அவர்தம் வாழ்க்கையை, எம்போல் இடறி விழுந்த மாணவர்க்காக ஈண்டு ஒருவாறு எழுதத் துணிந்தோம்.

பாஸ்கரர் என்னும் பெயருடைய கணிதர் இருவர். முன்னவர் ஏழாம் நூற்றாண்டினர். ஆரியபடருடைய நூலுக்கு உரை கண்டவர். நாம் கூறப்புகுந்தது பின்னவரை. இவர் சக ஆண்டு 1036இல், அஃதாவது 1114ஆம் ஆண்டிற் பிறந்தவர் என்பது அவர் வாக்காலேயே தெரிகின்றது. நம் புலவர் பலர் தம் காலத்தைச் சொல்லாது விட்டு ஆராய்ச்சியாளரை வருத்துவர். இவரோ தாம் பிறந்த ஆண்டையும், நூலியற்றியபோது தமக்கிருந்த வயதையும் தெளிவாக எழுதிவைத்தார். வானநூலார் ஆதலின் காலக்கணக்கில் அவர் சோரவில்லை போலும்.

அவர் பிறந்தபோது தென்னாட்டில் முதற்குலோத்துங்க சோழன் ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தான். தக்கணத்தில் மேலைச் சாளுக்கியர் ஆட்சி நிலவிற்று. தேவகிரி யாதவர் தலையெடுத்தது பாஸ்கரரின் முதுமைக் காலத்தில். சஹ்யமலையை அடுத்த விஜ்ஜடவிடம் என்பது அவரது ஊர். தந்தையார் மகேசுவரர் சோதிட வல்லுநர். மகனுக்கு ஆசிரியரும் அவரே. இக்குடும்பத்திற் கல்வி ஒரு தலைமுறைச் செல்வமன்று. முன்னோருள் ஒருவர் போஜராசனிடம் வித்தியாபதி என்னும் பட்டம் பெற்றவர். திரிவிக்கிரமர் தொடங்கி மகேசுவரர் வரை ஆறு தலைமுறையாக ஓலையும் கணக்கும் கைமாறிக் கைமாறி வந்த வீட்டில் பாஸ்கரர் பிறந்தார்.

1150ஆம் ஆண்டில், தம் முப்பத்தாறாம் வயதில், அவர் சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றி முடித்தார். அது நான்கு பகுதியது. லீலாவதி எண்கணிதம், பீஜகணிதம் அல்ஜீப்ரா, எஞ்சிய இரண்டும் கோள்களின் கணக்கும் கோளவியலும். கோளவியற் பகுதியில் பூமியைத் தாங்குவது யாது என்ற பழைய வினாவை எடுத்துக்கொண்டு, ஒன்று தாங்குகின்றதெனின் அதனைத் தாங்குவது மற்றொன்று, அதனைத் தாங்குவது வேறொன்று என முடிவின்றிச் செல்லும். கடைசியில் ஒன்று தன்னாற்றலால் நிற்கும் எனக் கொள்வதாயின் அவ்வாற்றலைப் பூமிக்கே முதலிற் கொடுத்தால் என்ன என்று அவர் வாதித்தார். வளைத்துப் பேசாது நேரே செல்லும் இவ்வறிவே அவருடைய கணக்கிலும் காணப்படும்.

லீலாவதியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. அதில் ஒரு முத்து வருதலால் நம் கடற்கரையோர் அதனை அறிந்திருத்தல் நன்று. பாஸ்கரருக்கு லீலாவதி என்றொரு மகள் இருந்தாளாம். அவளுக்கு மணம் கூடாது என்று சாதகம் கூறிற்றாம். தந்தையார் நல்ல முகூர்த்தம் ஒன்றைக் கணித்து, அடியில் நுண்துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரமே மணநேரம் என்று வைத்தாராம். சிறுமி ஆவலோடு குனிந்து பார்க்க, அவள் அணியிலிருந்து முத்தொன்று கிண்ணத்துள் வீழ்ந்து துளையை அடைத்துக்கொண்டது. கிண்ணம் அமிழவில்லை, நேரம் கடந்தது, மணமும் கைகூடவில்லை. துயருற்ற தந்தையார், அவள் பெயர் என்றும் நிலைக்கும் வண்ணம் ஒரு நூல் செய்து தருவேன் என்று தேற்றினாராம்.

உருக்கமான கதைதான். ஆயின் இது பாஸ்கரர் நூலில் எங்கும் இல்லை. அக்பர் அவைப் புலவர் பைசி 1587ஆம் ஆண்டில் லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோது எழுதிய முன்னுரையில்தான் காண்கின்றோம். பாஸ்கரர் மறைந்து நானூறு ஆண்டுகட்குப் பிற்பட்டது அது. நூலுள் ஆசிரியர் சில கணக்கை இளம்பெண் ஒருத்தியை விளித்தும், சிலவற்றை நண்பனை விளித்தும், சிலவற்றை வணிகனை விளித்தும் கேட்கின்றார். வணிகனை விளித்தமையால் வணிகன் ஒருவன் அவர்க்கு மகனாயினான் என்று எவரும் சொல்லவில்லை. ஆதலின் மகளைப் பற்றிய கதையை யாம் வரலாறாகக் கொள்ளாது கதையாகவே வைக்கின்றோம். நுண்துளையை அடைத்த அம்முத்து நம்மவர் சல்லடை பத்தனுள் எதில் தங்கியிருக்கும் என்று ஆராய விரும்புவோர் ஆராய்க.

நிற்க. எம் கருத்து முழுதும் பீஜகணிதத்தின் மேலது. பீஜம் என்பது வித்து. கண்காணும் எண்களைக் கொண்டு செய்வது வெளிப்படைக் கணக்கு. காணாத எண்ணை வித்தாக வைத்து முளைக்கச் செய்வது பீஜகணக்கு. இத்துறையைத் தாமே படைத்ததாக அவர் கூறிக்கொள்ளவில்லை. பிரமகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் ஆகிய மூவருடைய நூல்கள் மிக விரிந்தன ஆதலின், அவற்றின் சாரத்தை மாணவர் மகிழத் தாம் சுருக்கியதாகவே நூலிறுதியிற் கூறுகின்றார். இவருள் பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே, அறியா எண்ணும் அதன் வர்க்கமும் கனமும் பிறவும் தத்தம் இனத்தோடு மட்டுமே கூட்டவும் கழிக்கவும் படும் என்ற விதியை வகுத்துவிட்டார். பாஸ்கரர் செய்தது அவ்விதியைக் கற்போன் கையில் எளிதாக வைத்துக் கொடுத்ததே. அதுவும் சிறுசெயலன்று.

நூலின் வைப்புமுறையே ஒரு பாடம். இக்காலத்துப் பாடநூல்கள் பல எழுத்தை முதலில் நிறுத்தி மாணவரை அச்சுறுத்துகின்றன. பாஸ்கரர் முதலில் வைத்தது தனமும் ருணமும். அஃதாவது இருப்பும் கடனும். பின்னர்ச் சூனியம். அதன் பின்னரே அறியா எண். கடனைக் கழிக்கத் தெரியாதவன் எழுத்தைக் கழிக்கப் புகுதல் வீண் என்பது அவர் கருத்துப் போலும். கடன்பட்ட எண்ணைக் குறிக்க அவ்வெண்ணின் தலைமேல் ஒரு புள்ளி வைப்பர். தமிழ் கற்ற நமக்கு இது புதிதன்று. க என்னும் எழுத்தின் தலைமேற் புள்ளி வைத்தால் அதனுள் நின்ற அகரம் நீங்குகின்றது. அவர் எண்ணின் தலைமேற் புள்ளி வைத்தால் இருப்பு நீங்கிக் கடனாகின்றது.

கழித்தலுக்கு அவர் விதி ஒன்றே. கழிக்கப்படுவது இருப்பாயின் கடனாக மாற்றுக, கடனாயின் இருப்பாக மாற்றுக, பின்பு கூட்டுக. தோணித்தொழிலாளி ஒருவன் கையில் 50 ரூபாய் உள்ளது. சம்மாட்டியிடம் பெற்ற முன்பணக் கடன் 80 ரூபாய். அவன் உண்மை நிலை 30 ரூபாய் குறை. சம்மாட்டி மனமிரங்கி அவ்வெண்பது ரூபாய்க் கடனை நீக்கிவிட்டால் அவன் நிலை 50 ரூபாய் நிறை. குறை முப்பதிலிருந்து குறை எண்பதைக் கழிக்க நிறை ஐம்பது வருதலைக் கரையிலுள்ள எவரும் எழுதுகோல் இன்றியே அறிவர். பள்ளியில் இதனை இரண்டு கழித்தற்குறி சேர்ந்தால் கூட்டற்குறி என்று மந்திரம்போல் உருவேற்றுவிக்கின்றோம்.

இனி அறியா எண்ணுக்கு வருவோம். அதற்கு அவர் வழங்கும் பெயர் யாவத்தாவத் என்பது. எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அதன் முதலெழுத்தாகிய யா என்பதே குறி. அறியா எண்கள் ஒன்றுக்கு மேற்படின் நிறங்களின் பெயரை இடுவர்: காளகம் கறுப்பு, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள், லோகிதம் சிவப்பு. கா, நீ, பீ, லோ என்பன அவற்றின் குறிகள். அறிந்த எண்ணுக்கு ரூபம் எனப் பெயர், குறி ரூ. நிறத்தைப் பெயராக வைத்த நுட்பத்தைக் காண்க. நீலமும் மஞ்சளும் ஒரு கூடையிற் கிடப்பினும் கண்ணுக்கு வேறாகவே தோன்றும். மூன்று நீலமும் இரண்டு மஞ்சளும் சேர்ந்து ஐந்து நீலமஞ்சள் ஆகுமென்று எக்குழந்தையும் சொல்லாது. எமக்கு அன்று விழுந்த சிவப்புக் கோட்டின் காரணம் இதுவே. ஓரினத்தனவற்றைக் கூட்டுக, கழிக்க. வேறினத்தனவற்றைத் தனித்தனியே நிறுத்துக என்பதே பாஸ்கரர் விதி. தனித்தனியே நிற்பதுதான் விடை என்பதை மாணவர் உணர்வதில்லை. விடையென்றால் ஓர் உறுப்பாகச் சுருங்க வேண்டும் என்று எண்ணி, சுருங்காததைச் சுருக்கி இடர்ப்படுகின்றனர்.

அவர் கொடுத்த முதற்கணக்கு மிக எளியது. ஓர் அறியா எண்ணோடு ஒன்று சேர்ந்தது ஒரு தொகை. இரண்டு அறியா எண்ணில் எட்டுக் குறைந்தது மற்றொரு தொகை. இரண்டையும் கூட்டினால் என்ன? யாவை யாவோடும் ரூவை ரூவோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத, 3 யா − 7 என்று வரும். உடனே அவர் குறிகளை மாற்றுகின்றார். முதற்றொகை முழுதும் கடனாயின் என்ன? இரண்டாவது கடனாயின் என்ன? இரண்டுமே கடனாயின் என்ன? முறையே யா − 9 என்றும், 9 − யா என்றும், 7 − 3 யா என்றும் விடை வரும். ஒரே கணக்கை நான்கு முகமாகத் திருப்பிக் காட்டும் இவ்வாசிரியரிடத்துப் பாடங்கேட்ட மாணவர் நற்பேறு பெற்றவர் என்று யாம் எண்ணுவதுண்டு.

அடுத்த கணக்கில், மூன்று யா வர்க்கமும் மூன்று ரூபமும் உள்ள தொகையோடு இரண்டு யா கடனைக் கூட்டச் சொல்கின்றார். விடையில் எதுவும் எதனோடும் சேரவில்லை. 3 யா வர்க்கம் − 2 யா + 3 என்று மூன்று உறுப்பும் தனித்தே நிற்கின்றன. யாவும் யா வர்க்கமும் ஒரே எழுத்தாயினும் ஓரினமல்ல என்பதற்காகவே இதனை வைத்தார். இங்கும் முத்து வணிகர் நமக்குத் துணை. அவர் முத்தை மஞ்சாடியால் நிறுப்பர். விலையையோ எடையின் வர்க்கத்தை நோக்கிக் கணிப்பர். ஒரு மஞ்சாடி முத்தைப் போல இரண்டு மஞ்சாடி முத்து இருமடங்கு விலை பெறுவதன்று; நான்மடங்கு பெறும். இரண்டு மஞ்சாடி முத்தொன்றும் மூன்று மஞ்சாடி முத்தொன்றும் உடையவனுக்கு வர்க்கக் கணக்கில் 4 + 9 = 13. அவன் எடையை முதலிற் கூட்டி ஐந்தாக்கி வர்க்கித்தால் 25. பதின்மூன்று பெறுமானமுள்ள சரக்கை இருபத்தைந்து என்று சொன்னால் அவனிடம் எவர் வாங்குவர்? எடை என்பது ஓரினம். எடையின் வர்க்கம் வேறினம்.

கழித்தலில் அவர் வைத்த கணக்கில் மாணவர் பெரும்பாலும் இடறுவர். இரண்டு யா இருப்பிலிருந்து, ஆறு யா கடனும் எட்டு ரூபம் இருப்பும் சேர்ந்த தொகையைக் கழிக்க வேண்டும். முதலுறுப்பின் குறியை மாற்றிவிட்டு அடுத்த உறுப்பை மறந்தவர் 8 யா + 8 என்பர். கழிக்கப்படுவது முழுத்தொகை, அதன் ஒவ்வோருறுப்பும் குறி மாற வேண்டும். 8 யா − 8 என்பதே சரி. இவ்வொரு மறதியால் தேர்வில் இழந்த மதிப்பெண்களை எண்ணின் எமக்கே நாணம் வருகின்றது.

இவ்வாறு கூட்டலும் கழித்தலும் கற்பித்தபின் அவற்றின் பயனைச் சமன்பாடுகளிற் காட்டுகின்றார். ஒருவனிடம் ஆறு குதிரையும் 300 பொன்னும் உள. மற்றவனிடம் பத்துக் குதிரையும் 100 பொன் கடனும் உள. இருவர் செல்வமும் ஒப்பு. குதிரைகள் ஒரே விலையின. ஒரு குதிரை என்ன விலை? இரு பக்கத்திலும் ஆறு குதிரையை நீக்குக. இரு பக்கத்திலும் நூறு பொன்னைச் சேர்த்துக் கடனைத் தீர்க்க. நானூறு பொன்னுக்கு நான்கு குதிரை. ஒன்று 100 பொன். இக்கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எமக்குத் தாமிரபருணிக் கழிமுகத்துப் பழையகாயல் நினைவுக்கு வரும். பாஸ்கரர் காலத்திற்கு ஏறக்குறைய நூறாண்டின் பின், மார்க்கோ போலோ இக்கரையைக் கண்டபோது, பாண்டியர் துறைமுகமாகிய அக்காயலில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கின. இங்கிருந்து முத்துச் சென்றது. குதிரையும் பொன்னும் கடனும் ஒருசேர நடமாடிய அத்துறையில், ஆறு குதிரைக்காரனும் பத்துக் குதிரைக்காரனும் உண்மையாகவே நின்று வழக்கிட்டிருத்தல் கூடும்.

குதிரையை விட்டு முத்துக்கு வருவோம். பீஜகணிதத்தில் அறியா எண் பலவாக வரும் பகுதியில் முதன்மையாக நிற்பது மணிகளின் கணக்கு. ஒரு வணிகனிடம் மாணிக்கம் 5, நீலம் 8, முத்து 7, காசு 90. மற்றவனிடம் மாணிக்கம் 7, நீலம் 9, முத்து 6, காசு 62. இருவர் செல்வமும் ஒப்பு. ஒவ்வொரு மணியின் விலையைச் சொல்லுக என்பது வினா. மாணிக்கத்தை மாணிக்கத்திற் கழித்து, நீலத்தை நீலத்திற் கழித்து, முத்தை முத்திற் கழித்து, காசைக் காசிற் கழிக்க, முதல்வனிடம் ஒரு முத்தும் 28 காசும் எஞ்சும். மற்றவனிடம் இரண்டு மாணிக்கமும் ஒரு நீலமும் எஞ்சும். இவ்விரண்டும் ஒப்பு என்பதே விடையின் உயிர். இனி விலைகள் பலவாறு அமையும். முத்து 1, நீலம் 1 என வைத்தால் மாணிக்கம் 14. இருவர் செல்வமும் 175. முத்து 1, நீலம் 3 என்றால் மாணிக்கம் 13. இருவர் செல்வமும் 186. முத்துக்கு ஒரு காசும் மாணிக்கத்திற்குப் பதினான்கும் வைப்பது தூத்துக்குடிக்காரர்க்குப் பொறாது. ஆதலின் யாம் மாணிக்கம் 20, நீலம் 10, முத்து 22 என்று வைத்துப் பார்த்தோம். இருவர் செல்வமும் 424 ஆயிற்று. கணக்கு அதற்கும் இடந்தருகின்றது.

ஒரு வினாவுக்கு விடை பல என்பதை அஞ்சாது ஏற்ற அவர், வேறோரிடத்தில் ஒரு விடையைத் தள்ளினார். குரங்குக் கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து வர்க்கிக்க வரும் குரங்குகள் குகையுட் புகுந்தன, எஞ்சியது ஒன்றே. கூட்டம் எத்தனை? ஐம்பது என்றாலும் பொருந்தும், ஐந்து என்றாலும் பொருந்தும். ஆயின் ஐந்தின் ஐந்திலொரு பங்கு ஒன்று; அதில் மூன்றைக் குறைக்கக் கடன் இரண்டு வரும்; கடன்பட்ட குரங்கை உலகோர் ஒப்புவதில்லை என்று கூறி ஐம்பதையே கொண்டார். கணக்கின் விதி ஒன்று, கணக்கிற்குரிய பொருள் மற்றொன்று என்பதை அவர் மறந்ததில்லை.

அவருடைய மற்றைப் பெருமைகளை விரிக்க இடமில்லை. அறுபத்தொன்றால் ஒரு வர்க்கத்தைப் பெருக்கி ஒன்று கூட்டினால் மீண்டும் ஒரு வர்க்கம் வர வேண்டும் என்ற வினாவுக்குச் சக்கரவாளம் என்னும் முறையால் அவர் கண்ட எண்கள் 226153980, 1766319049 என்பன. 1657ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெர்மா என்னும் அறிஞர் இவ்வகை வினாவையே ஐரோப்பியக் கணிதர்க்கு அறைகூவலாக விடுத்தார். அறுபத்தொன்றே அவரும் எடுத்துக்கொண்ட எண்களுள் ஒன்று.

1183ஆம் ஆண்டில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், கரண குதூகலம் என்னும் சிறு வானநூலைப் பாஸ்கரர் இயற்றினார். பெருநூல் செய்த கை முதுமையில் எளிய கையேடு செய்தது. அதன்பின் அவர் நெடுநாள் இருந்ததாகத் தெரியவில்லை. மகன் இலக்குமீதரரை யாதவ மன்னன் சைத்ரபாலன் அழைத்துச் சென்று தன் புலவர்க்குத் தலைவராக்கினான். பெயரன் சங்கதேவர் சிங்கணன் என்னும் மன்னனுடைய தலைமைச் சோதிடரானார். இப்பெயரன் செய்த செயலொன்றை யாம் மிகப் பெரிதாக மதிக்கின்றோம். காந்தேசத்துப் பாடணம் என்னும் ஊரில், பாட்டனார் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே அவர் ஒரு மடம் நிறுவினார். 1207ஆம் ஆண்டில் அதற்கு நிவந்தம் விடுத்தமை கல்லிற் பொறிக்கப்பட்டது. ஊர்ச் சந்தையில் விற்கும் சரக்கின்மேலும் செக்கின் எண்ணெய்மேலும் பெறும் வருவாயில் ஒரு பகுதி அம்மடத்திற்கு உரியதாயிற்று. ஆறு தலைமுறை கடந்து பாஸ்கரர் கைக்கு வந்தது, அவருக்குப்பின் இரண்டு தலைமுறையில் வீட்டை விட்டு ஊருக்குப் பொதுவாயிற்று. அவர் குலத்தின் வரிசையை இன்று நாம் அறிவதும் அக்கல்லாலேதான். பம்பாய் மருத்துவரும் ஆராய்ச்சியாளருமான பாவு தாஜி 1865ஆம் ஆண்டில் அதனை அறிஞர் உலகிற்கு வெளியிட்டார்.

நூல்கள் அம்மடத்தோடு நின்றுவிடவில்லை. பைசி லீலாவதியைப் பெயர்த்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, ஷாஜகான் காலத்தில் அதாவுல்லா ருஷ்டி பீஜகணிதத்தைப் பாரசீகமாக்கினார். அதிலிருந்து எட்வர்டு ஸ்டிரேச்சி 1813இல் ஆங்கிலமாக்கினார். 1817இல் கோல்புரூக் சமஸ்கிருத மூலத்திலிருந்தே, பிரமகுப்தரின் கணிதப் பகுதிகளோடு சேர்த்து, ஆங்கிலத்தில் வெளியிட்டார். யாம் கற்றது இவருடைய பெயர்ப்பையே. நம் நாடு 1979ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் வானில் ஏவப்பெற்ற தன் துணைக்கோள்கள் இரண்டிற்கும், இப்பெயருடைய கணிதர் இருவரையும் நினைவிற்கொண்டு, பாஸ்கரா என்றே பெயரிட்டது. நிலத்தோடு கடலையும் நோக்கி அளத்தல் அவற்றின் தொழிலாயிருந்தது.

பீஜகணிதம் என்னும் பெயர் தமிழிலும் வந்து சேர்ந்தது. நம் கரைக்கு எதிரே மன்னார்க் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய கலாசாலையிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை, 1855ஆம் ஆண்டில் அல்ஜீப்ராவைத் தமிழில் எழுதி வெளியிட்டார். மேனாட்டார் முறையில் எழுதிய அந்நூலுக்கு அவர் வைத்த பெயர் வீசகணிதம்.